அக்னி நட்சத்திரத்தில் வடஆர்க்காடு

ஞாயிறு, சோளிங்கர்

கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். நான் பார்க்க நினைத்த இரண்டும் இந்த வெயிலில்தான் நடக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஓடும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. நடுவில் கிடைக்கிற நாட்களில் மலைகள்.

வடஆர்க்காடு என்று இப்போது அரசாங்கத் தாளில் எதுவும் இல்லை. 1989இல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மிச்சமிருந்த வேலூரை 2019இல் மறுபடி மூன்றாக்கினார்கள். சோளிங்கர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆனால் டீக்கடையில் பேச்சு நீண்டால் எல்லாம் இன்னும் நார்த் ஆர்க்காடுதான்.

பெரிய மலையில் யோக நரசிம்மர், எதிரே சின்ன மலையில் கையில் சங்கு சக்கரத்தோடு யோக ஆஞ்சநேயர். நூற்றெட்டுத் திருப்பதிகளில் இதற்குத் திருக்கடிகை என்று பெயர். ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம், இங்கே தங்கினால் வீடுபேறு உண்டு என்பது நம்பிக்கை. பெரிய மலைக்கு 1305 படி. 2024இலிருந்து ரோப் காரும் ஓடுகிறது. நான் படியில் போனேன். வீரம் எல்லாம் இல்லை, ரோப் கார் வரிசை நீளமாக இருந்தது.

மேலே மண்டபத்தில் ஒரு குடும்பம் செல்போனில் 24 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மணி அடித்ததும் அப்பா எழுந்து, “முடிஞ்சுது, கிளம்புங்க” என்றார். தப்பு சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்து நானும் என் கடிகாரத்தைப் பார்த்தவன்தான்.

இன்று எழுத வேண்டியது அடிவாரத்தில் நடந்தது. டோலி தூக்குகிறவர்கள் சிலர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் பேச்சுக் கொடுத்தார். ரோப் கார் வந்ததும் சவாரி குறைந்துவிட்டதாம். “அதுல ஏற பயப்படுற கெழவிங்கோ நாலு பேரு இருக்குது சார். அதுங்க புண்ணியத்துல அடுப்பு எரியுது” என்றார். அப்படியொரு பாட்டி அப்போது வந்தார். பேரம் முடிந்தது. டோலியில் அவரை உட்காரவைத்து, குனிந்து கழியைத் தோளுக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு அசைவுக்குள்ளேயே அவர் வலக்கை கீழே போய் முதல் படியைத் தொட்டது. கண்ணுக்குப் போனது. பிறகுதான் கழியைப் பிடித்தது.

பாட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவரிடம் எதற்காகப் படியைத் தொட்டீர்கள் என்று கேட்டேன்.

“எங்க தொட்டன்?”

நிஜமாகவே தெரியவில்லை. “பாரம் தூக்கறப்போ கை எங்கனா போவும் சார்” என்றார். கூட்டாளி சிரித்தார். “தொடாம ஒருநாள் தூக்க சொல்லுங்க. தூக்க மாட்டான்.”

சாமி பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றேன். தினமும் வாசல்வரை போகிறவர், உள்ளே போனால் அடுத்த சவாரி போய்விடும். கார்த்திகையில் நரசிம்மர் கண் திறக்கிறார் என்று ஊரெல்லாம் திரண்டு வரும். அந்த மாதத்தில்தான் இவருக்குத் துளியும் நேரம் கிடைப்பதில்லை. இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சந்தை நாளில் கடைக்காரன் சாப்பிட நேரமில்லை என்று சொல்கிற குரல்தான்.

இந்த ஊர் வைணவ ஆசாரியர் தொட்டையாச்சாரியார் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி. ஆண்டுதோறும் காஞ்சிபுரத்துக்கு வரதர் கருட சேவைக்குப் போகிறவர். ஒரு வருஷம் உடம்புக்கு முடியவில்லை. தக்கான் குளத்தங்கரையில் நின்று உருகினார், வரதர் அங்கேயே காட்சி கொடுத்தார் என்பார்கள். இன்றைக்கும் காஞ்சியில் கருட சேவையின்போது கோபுர வாசலில் குடையால் ஒரு கணம் பெருமாளை மறைக்கிறார்கள். அந்தக் கணம் அவர் சோளிங்கருக்குப் போய் வருகிறாராம். டோலிக்காரரிடம் இதைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு, “மேல போவ ஆளு வருது பாரு” என்று கூட்டாளியை எழுப்பினார்.

திங்கள், வள்ளிமலை

இன்று சுருக்கமாக. மலை ஏறி இறங்கியதில் தலைவலி.

வழியில் மேல்பாடி. ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயன் நினைவாக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இங்கே இருக்கிறது. நான் போனபோது என்னைத் தவிர ஆளே இல்லை.

வள்ளி தினைப்புனம் காத்த இடம் என்பதால் வள்ளிமலை. தேனும் தினைமாவும் படைக்கிறார்கள். அதே மலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களும் இருக்கிறார்கள். கங்க மன்னன் ராஜமல்லன் பெயர் சொல்லும் கல்வெட்டும் உண்டு, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. அந்தப் பாறை நிழலில் மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். “இது யாருங்க தாத்தா?” என்று செதுக்கலைக் காட்டினேன். “சாமி” என்றார். எந்தச் சாமி என்றதற்குக் கண்ணைத் திறக்காமல், “உனுக்கு எது வேணும்?” என்றார்.

திருப்புகழ் சுவாமிகள் என்கிற வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்து 1950இல் அடங்கியது இந்த மலையில்தான். துறவுக்கு முன் மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். திருப்புகழை ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர். ஆங்கிலப் புத்தாண்டன்று ஜனங்கள் பழத்தட்டோடு வெள்ளைக்காரத் துரைகள் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து, துரைக்கெல்லாம் பெரிய துரை தணிகையில் இருக்கிறான், அங்கே போவோம் என்று திருத்தணிப் படித் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். எனக்கு இதில் பிடித்தது, அவர் யாரையும் கும்பிடாதே என்று சொல்லவில்லை. பழத்தட்டு ஏற்கெனவே கையில் இருந்தது. வண்டியை மட்டும் வேறு பக்கம் திருப்பினார்.

செவ்வாய், ஆரணிப் பக்கம் ஒரு கிராமம்

ஊர்ப் பெயர் போடவில்லை. போட்டால் அடுத்த வருஷம் கேமராக்காரர்கள் போய் நிற்பார்கள். நானும் ஒரு கேமராக்காரன்தானே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.

பாரதம் நடக்கிற ஊரில் மதியம் பிரசங்கியார் வந்து பாரதம் படித்துப் பொருள் சொல்வார். அன்றைக்குப் படித்த பகுதி ராத்திரி கூத்தாக வரும். கேட்டதும் பார்த்ததுமாகப் பல நாள் ஊரே அஸ்தினாபுரமாக இருக்கும். இன்று அர்ச்சுனன் தபசு. பாசுபதாஸ்திரம் கேட்டு அர்ச்சுனன் கைலாயம் போகிற கதை. கோயில் எதிரே உயரமான தபசு மரம் நட்டிருக்கிறார்கள். ஏறுவதற்குக் குறுக்குக் கட்டைகள், உச்சியில் ஒரு ஆள் உட்காரும் பரண். அர்ச்சுனன் வேஷக்காரர் கட்டைக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை வேண்டி விரதமிருக்கும் பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தைச் சுற்றி வந்து, மேலிருந்து விழுகிற எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும் மடியேந்தி நிற்பார்கள்.

வேஷக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். கூத்து இல்லாத மாதங்களில் ஒயரிங் வேலை. அரிதாரம் பூசிக்கொண்டிருந்தவரிடம் உட்கார்ந்தேன். காப்புக் கட்டி விரதத்தில் இருக்கிறார். மேலே ஏறும்போது மனசில் என்ன ஓடும் என்று கேட்டேன். அவர் யோசித்த மாதிரிதான் தெரிந்தது. “மேலருந்து அஞ்சாவது கட்டை லூசா கீதுன்னு சொன்னாங்க. அதான்” என்றார். பிறகு தன் செல்போனைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துச் சார்ஜில் போடச் சொன்னார்.

முகவீணையும் மிருதங்கமும் சேர்ந்து எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் மரத்தடிக்கு வந்து, மரத்தைச் சுற்றி, ஏறத் தொடங்கினார். குரல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் ஏற ஏறக் கூட்டத்தில் பேச்சு அடங்கிவிட்டது. பாதி உயரத்தில் ஒரு கட்டையில் நின்று சிவனை அழைத்துப் பாடிக்கொண்டிருந்தார். அப்போது கீழே ஒரு குழந்தை கயிற்றுக்குள் நுழைந்து மரத்தை நோக்கித் தவழ்ந்து போனது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. அதே மெட்டில், அதே தாளத்தில், “பச்சைச் சட்டைப் பிள்ளையைப் பாரம்மா, பந்தக்காலாண்டை போகுது தாயே” என்று ஒரு வரி வந்தது. பின்பாட்டுக்காரர்கள் அதையும் வாங்கித் திருப்பிப் பாடினார்கள். தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். அடுத்த வரியில் பரமசிவன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல நின்றார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, “அர்ச்சுனருக்குக் கண்ணு எப்பவும் கூர்மதான்” என்றார். தவத்தில் இருக்கிற அர்ச்சுனன் குழந்தையைக் கவனிக்கலாமா, வேஷத்திலிருந்து வெளியே வந்துவிட்டாரா, இதெல்லாம் எனக்குத்தான் கேள்வி. சென்னையில் ஒரு தியான வகுப்பில் ஆறு மாதம் பணம் கட்டி, மனம் எங்கே போகிறது என்று கவனிக்கக் கற்றுக்கொண்டவன் நான். இவருக்குச் சிவனும் குழந்தையும் லூசான கட்டையும் ஒரே மூச்சில் இருக்கின்றன. எதையும் கவனிப்பதாக அவர் நினைத்துக்கொள்ளவில்லை.

பரணில் உட்கார்ந்து பழங்களை எறிந்தார். ஒரு எலுமிச்சை என் தோளில் பட்டு மண்ணில் விழுந்தது. நான் குனிவதற்குள் நாலு கைகள் வந்துவிட்டன. எடுத்த பெண் என்னை ஒருமுறை பார்த்தாள். எனக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

கன்னத்தைத் துடைத்த அம்மாவோடு பிறகு பேசிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் படுகளத்துக்குக் கட்டாயம் வரச் சொன்னார். தரையில் ஆளுயரத்துக்கும் பல மடங்கு பெரிதாகக் களிமண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அந்த மண்ணைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். முன்பு நெல் குதிரில் போடுவார்களாம். “இப்ப ஏது குதிரு? ரேஷன் அரிசி டப்பால போட்டு வச்சிருக்கன். போன வருச மண்ணு இன்னும் கீது. புளுவே வக்கல பாருங்க” என்றார். புழு வைக்காததற்குக் காரணம் துரியோதனனா, கூடவே அவர் போட்டிருந்த காய்ந்த வேப்பிலையா என்று நான் ஆராயவில்லை.

இதை எல்லாம் எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. யோசிக்காமல் செய்வதெல்லாம் அழகு என்று சொல்லிவிட முடியாது. எந்தத் தெருவுக்குள் சாமி போகும், எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடும் என்பதும் பல ஊர்களில் யாரும் யோசிக்காமல் நடந்துவந்த வழக்கம்தான். கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளூர்க்காரன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே இருப்பவன் யோசிக்காமல் இருக்கலாம், வெளியே நிறுத்தப்பட்டவன் ஒரு நாளும் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டான்.

புதன், வேலூர்

விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வேலூர் வந்து சேர்ந்தேன். கண்ணெல்லாம் மண்.

அறை எடுத்தது சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே உள்ள சந்தில். இந்தத் தெருக்களில் பாதி போர்டு வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். 1900இல் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துவிட்டு வந்து ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம். அவர் மருத்துவம் படிப்பதற்கு முன், பிரசவ வலியில் துடித்த மூன்று பெண்களின் வீட்டார் ஒரே இரவில் அவரிடம் வந்து உதவி கேட்டும், ஆண் மருத்துவரை உள்ளே விட மனமில்லாமல் போனதால், மூன்று பேரும் இறந்துபோனார்கள். அதுதான் அவரைப் படிக்க அனுப்பியது என்பது வேலூரில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். மாதக்கணக்கில் தங்குவதால் லாட்ஜ் அறையிலேயே அடுப்பும் பாத்திரமும் தருகிறார்கள். வராந்தா முழுக்கக் கடுகெண்ணெய் வாசம்.

நான் பெட்டியோடு ஏறியபோது கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒவ்வொரு அறை வாசலிலும் சாக்பீஸில் உள்ளங்கை அளவு கோலம் போட்டுக்கொண்டு வந்தார். முதலாளி சொன்னதா என்றால் இல்லை. ஈரம் காய்ந்ததும் போட்டுவிடுகிறார். மாடிக் கடைசி அறையில் மட்டும் போடாமல் திரும்பினார். உள்ளே ஆள் இருந்தது. சாமான் கட்டுகிற சத்தம் கேட்டது. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் அவர்கள் பெரியவர் போய்விட்டார் என்று வரவேற்பில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே அம்மா அந்த அறைக்குத் தூக்குவாளியில் டீ கொண்டுபோனார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு வங்காளம் “சா” மட்டும்தான் தெரியும்.

மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். சாயங்காலம் கோட்டை. அகழிக்கரையில் நடைப்பயிற்சிக்காரர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்த அதே கோட்டை. ஜலகண்டேசுவரர் கோயிலில் பல நூறு வருஷம் மூலவர் இல்லை, பூஜை இல்லை. ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காகவே வைத்திருந்தார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அதைப் பற்றி யாராவது உணர்ச்சியோடு சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஒருவர், அன்று சின்னப் பையனாம், கூட்டத்தில் செருப்பு தொலைந்ததைத்தான் விவரமாகச் சொன்னார்.

நடைப்பயிற்சிக்காரர்களை நீங்கள் பார்க்க வேண்டும். ஷூவைக் கழற்ற நேரமில்லை. கோபுரத்துக்கு நேரே வரும்போது வேகம் கொஞ்சம் குறைகிறது. இரண்டு கையும் கன்னத்துக்குப் போகிறது. பேச்சு நிற்பதில்லை. “அந்த மனைக்கு வில்லங்கம் பார்த்தியா?” என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரைகுறை பக்தி என்று நினைக்கலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பக்தி செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வந்து போவதால்தான் இது வில்லங்கத்துக்கு நடுவிலும் தாக்குப்பிடிக்கிறது. தனியாக நேரம் ஒதுக்கியிருந்தால் இரண்டாவது வாரமே விட்டுப் போயிருக்கும், என் தியான வகுப்பு போனது மாதிரி.

வியாழன், குடியாத்தம்

வைகாசி 1. கௌண்டன்யா ஆற்றங்கரை. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பி, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் காத்திருக்கும் உடலோடு சேரும். ரேணுகையின் தலையைத் தகப்பன் சொல்கேட்டுப் பரசுராமன் வெட்டியதும், உயிர் கேட்டபோது தலை வேறு உடம்போடு ஒட்டியதும் எல்லாரும் அறிந்த கதை. இங்கே அந்தக் கதை நடுத்தெருவில் தோளேறி வருகிறது.

விடியும் முன்பே தெரு நிறைந்துவிட்டது. தலையைச் சுமப்பவர்கள் நடப்பதில்லை, ஆடுகிறார்கள். பம்பை காதை அடைக்கிறது. மாலைக்குள் முகம் முழுகிப்போய் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. சிரசு நெருங்க நெருங்க வழிநெடுகத் தேங்காய் உடைகிறது. ஒன்றிரண்டு என்று எண்ணாதீர்கள், மூட்டை மூட்டையாக. சில்லு பறந்து காலில் பட்டு எனக்கு ரத்தம் வந்தது. திண்ணையில் இருந்த அம்மா ஒருவர் மஞ்சள்தூளை அப்பி, “ஒண்ணும் ஆவாது” என்று உட்காரவைத்தார்.

லுங்கி நெசவு வீடு. தறி ஓடவில்லை. வாசலில் அண்டா நிறையக் கூழ் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேண்டுதலா என்று கேட்டேன்.

“வேண்டுதலா? இன்னைக்குச் சிரசுப்பா” என்றார். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. “எங்க மாமியார் ஊத்துனாங்க, நான் ஊத்துறேன். நீ வெங்காயம் கடிச்சுக்கோ.”

இரண்டாவது சொம்பையும் குடித்துவிட்டு வெளியே வந்தேன். சிரசு தெருமுனை தாண்டியிருந்தது. பின்னாலேயே சாக்குகளோடு பையன்கள், உடைந்த தேங்காய்களைப் பொறுக்குகிறார்கள். காயவைத்துச் செக்கில் கொடுத்தால் காசு. பத்து வயசுப் பையன் ஒருவன் என் முன்னால் வந்து நின்றான்.

“அண்ணா, சும்மாதானே நிக்கிறீங்க, சாக்கு வாயைப் பிடிங்க.”

பிடித்தேன். ரெண்டு கையாலும் அள்ளிப் போட்டான். ஈரமும் மஞ்சளுமாக மூடை கனத்தது. எவ்வளவு தேறும் என்று கேட்டேன். “போன வருசம் எங்கண்ணன் சைக்கிள் டயர் மாத்துனான்” என்றவன், சாக்கிலிருந்தே நல்ல சில்லு ஒன்றை எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்துக்கொண்டே அடுத்த வீட்டு வாசலுக்கு என்னையும் சாக்கையும் இழுத்துக்கொண்டு போனான்.